கிட்டங்கியில் கணக்கு எழுதியவரின் பேத்தி தொலைக்காட்சிச் சத்தத்தில் படிக்க முடியாதது ஏன்?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், நடுவில் முற்றம் வைத்த பழைய வளவு வீட்டில் இருந்துகொண்டு குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறீர்கள். உள் கூடமான பட்டாலையில் அப்பத்தா பார்க்கும் தொடர் ஓடுகிறது. முகப்பில் யாராவது சிங்கப்பூருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திருவிழா வந்துவிட்டால் கோயில் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்கிறது. இவற்றை மறைப்பதற்காகக் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு படிக்கிறீர்கள். சிறு வயதில் பினாங்கில், நகரத்தார் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்திய கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது கணக்கு மேசையில் தொழில் பழகும் சிறுவனாக இருந்த உங்கள் தாத்தா, நீங்கள் ஐயா என்று அழைப்பவரோ, அத்தனை பேர் பேச்சுக்கு நடுவில் நாங்கள் ஐந்தொகைக் கணக்குப் போட்டோம், உனக்கு ஒரு டிவி சத்தம் தாங்கவில்லையா என்கிறார். அறைச் சுவர் முழுவதும் ஒட்டியிருக்கும் அட்டவணைகள் உதவுமா, கெடுக்குமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது சத்தத்தில் படிக்கலாமா என்ற கேள்வி. ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், குறை சத்தத்தில் இருக்கிறதா, தன்னிடம் இருக்கிறதா என்பதுதான் உங்களை அரித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது.

இந்தப் பகுதிக் கல்லூரிகளில் இருபத்தேழு ஆண்டுகள் உளவியல் கற்பித்தவன் நான். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையையும் அதனுடன் செய்து வந்திருக்கிறேன். மருத்துவன் அல்லன், உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே பொதுவாக மனித மனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்ல முடியுமே தவிர, உங்கள் கவனத்தின் தன்மையை இங்கிருந்து எடைபோட முடியாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நாம் நினைக்கும் அளவுக்குச் சத்தத்தின் உரப்பு முக்கியமில்லை. அந்தச் சத்தம் நொடிக்கு நொடி மாறுகிறதா, அதில் பொருள் இருக்கிறதா, அதை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அந்த நேரத்தில் உங்கள் மனம் எந்த வேலையில் இருக்கிறது என்பவையே விளைவைத் தீர்மானிக்கின்றன.

இந்தத் துறையில் மிகவும் உறுதியாக நிற்கும் கண்டுபிடிப்பிலிருந்து தொடங்குகிறேன். 1976இல் கால், வெல்ஷ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குக் காட்டி, பார்த்த வரிசையிலேயே திருப்பிச் சொல்லவேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். பின்னணியில் ஒருவர் ஜெர்மன் மொழியில் வாசித்துக்கொண்டிருந்தார். மாணவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. அதைக் கேட்கவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் அமைதியில் செய்ததைவிடத் தவறுகள் தெளிவாகக் கூடின. அதற்குப் பின் பல நாடுகளில், பல மொழிகளில் இதே விளைவு திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. நானே வகுப்பில் ஒவ்வோராண்டும் ஒன்பது இலக்கங்களைக் கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதி அழித்துவிட்டு, பக்கத்தில் ஒரு மாணவரைச் செய்தித்தாள் வாசிக்கச் சொல்லி இதைச் செய்து காட்டுவேன். எனக்குச் சத்தம் ஒன்றும் செய்யாது என்று முன்கூட்டியே கையுயர்த்தியவர்களும் மற்றவர்களைப் போலவே தடுமாறுவார்கள். சத்தம் நம்மைக் கெடுக்கிறதா இல்லையா என்பதை நம் உள்ளுணர்வால் அளக்க முடியாது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சான்று அதுதான்.

பின்னணிப் பேச்சு மெல்லிய குரலில் இருந்தாலும் உரத்த குரலில் இருந்தாலும், காதில் தெளிவாக விழுந்தால் போதும், இந்த வகைச் சோதனையில் பாதிப்பு ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறது. அப்படியானால் எது கெடுக்கிறது? 1990களில் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே ஒலியை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தால் பாதிப்பு மிகக் குறைவு. ஒலி ஒவ்வொரு முறையும் மாறினால், அது பேச்சாக இல்லாமல் வெறும் சுரங்களாக இருந்தாலும், பாதிப்பு வந்துவிடுகிறது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், மாவு அரைக்கும் கிரைண்டரின் ஒரே சீரான இரைச்சல் எரிச்சலூட்டும், ஆனால் மனப்பாடத்தை அவ்வளவாகக் குலைக்காது. அதைவிட மிக மெல்லிய ஒலியில் ஓடும் தொடரின் வசனம் குலைத்துவிடும். மாறிக்கொண்டே போகும் ஒலிகளை, நாம் கேட்க விரும்பாவிட்டாலும், மூளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்களும் அதே நேரத்தில் ஏதோ ஒன்றை வரிசையாக மனத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் இரண்டு வரிசைகளும் மோதுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். இந்த விளக்கம் முழுமையானதுதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. விளைவு உண்மை என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. உங்கள் பாடத்தில் இதற்கு இரையாகக்கூடியவை எவை என்று எளிதில் கண்டுகொள்ளலாம். அரசியலமைப்பின் 14 முதல் 18 வரையிலான சரத்துகள் சமத்துவ உரிமை, 19 முதல் 22 வரை சுதந்திர உரிமை என்று எண்ணும் பொருளுமாக நெட்டுருப் போடுவது, ஆண்டு வரிசையை நினைவில் நிறுத்துவது, தாளில் எழுதாமல் மனக்கணக்குப் போடுவது ஆகிய எல்லாமே வாய்க்குள் முணுமுணுத்து வரிசை பிடிக்கும் வேலைகள்.

புரிந்து படிப்பதும் விடை எழுதுவதும் வேறு வகை வேலைகள். அங்கே கெடுப்பது பேச்சின் பொருள். வரிசை பிடிக்கும் வேலைக்குத் தெரியாத மொழியும் தெரிந்த மொழியும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒரு பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ளும்போது, புரியும் மொழிப் பேச்சே புரியாத மொழிப் பேச்சைவிட அதிகம் குறுக்கிடுகிறது. தமிழில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது தமிழ் வசனம் காதில் விழுந்தால், அங்கே கேட்ட சொல் இங்கே பேனா முனையில் வந்து நிற்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். காதில் போட்டுக்கொள்ளும் பாட்டுக்கும் இது பொருந்தும். சொற்கள் உள்ள பாட்டு, கருவி இசையைவிட அதிகம் கெடுக்கிறது என்பதைச் சலாமே, பேட்லி என்ற இருவர் 1989இல் காட்டினார்கள். எனக்குப் பிடித்த பாட்டாயிற்றே என்று சொல்வீர்கள். பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் வரிசை நினைவை ஒரே அளவில் கெடுத்ததாக 2011இல் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை காட்டியது. கேட்டவர்களுக்கோ பிடித்த பாட்டு உதவியதாகவே தோன்றும். ஆகவே தொடர் வசனத்தை மறைக்கப் பாட்டைப் போடுவது, பெரும்பாலும் ஒரு தடையை எடுத்துவிட்டு அதே வகைத் தடையை, நமக்கு இனிமையான வடிவத்தில், வைத்துக்கொள்வதாகவே முடிகிறது. வாசிப்பைப் பொறுத்தவரை இந்தப் பாதிப்பின் அளவு சராசரியாகச் சிறியது என்பதையும் சொல்லவேண்டும். பாட்டுக் கேட்டுப் படித்தவர்கள் எல்லாரும் தோற்றுவிடுவதில்லை. ஆனால் ஓரிரு மதிப்பெண்ணில் தரவரிசை இடம் மாறும் தேர்வில், சிறியது என்பதற்காகத் தள்ளிவிட முடியாது.

முகப்பில் நடக்கும் சிங்கப்பூர்ப் பேச்சைப் பற்றித் தனியே ஒரு சொல். இருவர் நேருக்கு நேர் பேசுவதைவிட ஒருவர் தொலைபேசியில் பேசுவதே அதிகம் இடைஞ்சல் செய்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தது உங்கள் கற்பனையில்லை. 2010இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவர்கள்தாம் கவனம் தேவைப்படும் வேலையில் அதிகம் பிசகினார்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாத பேச்சை மனம் விடாமல் பின்தொடர்கிறது. மறுமுனையில் இருப்பவர் சொன்னதை நாமே இட்டு நிரப்பப் பார்க்கிறோம்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அது எல்லா வேலையையும் தாக்கும். திடீரென்று வரும் ஒலி, நம்மைப் பற்றிய ஒலி ஆகியவை கவனத்தைப் பிடித்து இழுத்துவிடுகின்றன. 1950களில் ஒரு காதில் ஒரு பேச்சும் மறு காதில் இன்னொரு பேச்சுமாகக் கேட்கச் செய்து, ஒன்றை மட்டும் பின்பற்றச் சொல்லிச் சோதித்தபோது, கவனிக்காத காதில் வந்த எதையும் மக்களால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஆனால் தம் சொந்தப் பெயர் அந்தப் பக்கம் வந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கவனித்துவிட்டார். 2001இல் இதையே மீண்டும் செய்து பார்த்தவர்கள், வேலை நடக்கும்போது செய்திகளை மனத்தில் தாங்கிக்கொள்ளும் திறன் அதிகமாக உள்ளவர்களில் 20 விழுக்காட்டினரும், குறைவாக உள்ளவர்களில் 65 விழுக்காட்டினரும் தம் பெயரைக் கேட்டதாகக் கண்டார்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. அது சோம்பலோ ஒழுக்கக் குறைவோ இல்லை என்பதும் தெரிகிறது. வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டிலிருந்து யாரோ உங்கள் பெயரை ஒரு முறை சொன்னால் போதும், நீங்கள் தலைநிமிர்வீர்கள். அந்த நிமிர்தலுக்கு ஒரு நொடிதான், விட்ட இடத்தைப் பிடிக்கத்தான் நேரமாகும்.

பழகிவிடும் என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எரிச்சல் பழகும், பாதிப்பு அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு பள்ளியை உளவியலாளர் அர்லின் ப்ரான்சாஃப்ட் ஆராய்ந்து 1975இல் வெளியிட்டார். பாதையை நோக்கிய வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள், அதே கட்டடத்தின் அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்புத் தேர்ச்சியில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி ஓராண்டை நெருங்கியது. பழகுவது உண்மையென்றால் ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி குறைந்திருக்கவேண்டும். பின்னர்த் தண்டவாளத்தின் அடியில் ரப்பர் தகடுகள் வைத்து, வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் பொருத்தியபின் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று என்று 1981இல் அவரே எழுதினார். மியூனிக் நகரில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடி வேறிடத்தில் புதியதைத் திறந்தபோதும் இதே கதைதான்: பழைய நிலையத்தின் அருகிலிருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நீண்டகால நினைவும் தேறின, புதியதன் அருகிலிருந்தவர்களுக்கு அவை சரிந்தன. நீண்டகால இரைச்சலைப் பற்றிய சான்றுகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை அளிப்பது இந்த இரண்டாவது ஆய்வுதான். இரைச்சல் போனதும் திறன் மீள்வதையும், வந்ததும் குறைவதையும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் அது காட்டிவிட்டது.

இப்போது உங்கள் ஐயாவின் வாதத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதை நான் முழுவதும் நம்புகிறேன். அதே நேரம் அது உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது. கிட்டங்கியில் பல விலாசக்காரர்கள், அதாவது தனித்தனி நிறுவனத்தார், ஒரே நீளக் கூடத்தில் அவரவர் பெட்டியடியில் வரிசையாக அமர்ந்து தொழில் பார்த்தார்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் குரல்கள் ஒன்றோடொன்று கலந்து, சொல் பிரித்தறிய முடியாத முனகலாகிவிடும். ஒரு குரலைவிடப் பல குரல்களின் கலவை குறைவாகவே கெடுக்கிறது என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன, ஏனென்றால் மேடு பள்ளம் நிரவிப்போய் அது கிரைண்டர் இரைச்சலை நெருங்கிவிடுகிறது. அடுத்து, அவர் செய்த வேலை ஏட்டில் எழுதிக்கொண்டே செய்யும் வேலை. குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்குப் பதிவதில் நினைவில் தாங்கவேண்டிய சுமையைத் தாள் வாங்கிக்கொள்கிறது. மேலும் பல ஆண்டுகள் கை பழகிய வேலை அது. நீங்கள் செய்வதோ புதிதாகக் கற்கும் வேலை, தாங்கவேண்டியது முழுவதும் மனத்தில். ஐயாவைச் சோதிக்க விரும்பினால், அவருக்குத் தெரியாத ஒரு பாடத்தைத் தொடர் ஓடும்போது நெட்டுருப் போடச் சொல்லிப் பாருங்கள். மரியாதையாகத்தான் சொல்கிறேன்.

இதே இடத்தில் பெரியவர்கள் வழக்கமாக, ஒரே நேரத்தில் பல பணிகளைக் கவனித்துச் செய்துகாட்டும் அவதானக்காரர்களை எடுத்துக்காட்டுவார்கள். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். கவி பாடிக்கொண்டும் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டும் இருக்கையில் மணியோசையை எண்ணுவதும், முதுகில் விழும் கல்லை எண்ணுவதும் அவதானக் கலையின் உறுப்புகள். இது கவனச்சிதறலை வென்றதற்கான சான்றாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணியோசை அவதானிக்கு இடையூறு இல்லை, அதுவும் அவர் ஏற்றுக்கொண்ட பணிகளில் ஒன்று. எது எப்போது வரக்கூடும் என்று தெரிந்து, அதற்கென நீண்ட காலம் பயின்று, அமைதியான சபை முன் செய்தார். பட்டாலைத் தொடரை அப்படி ஒரு பணியாக ஏற்றுக்கொள்ளவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கட்டுப்பாடு யார் கையில் என்பதும் பெரிய செய்தி. கிளாஸ், சிங்கர் என்ற இருவர் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட சோதனைகளில், எப்போது வரும் என்று தெரியாத இரைச்சலைக் கேட்டவர்கள், இரைச்சல் நின்ற பின்பும் கடினமான புதிர்களை விரைவில் கைவிட்டார்கள். ஆனால் வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பொத்தானைக் கொடுத்திருந்தால், பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை என்றாலும், அந்தத் தளர்ச்சி வெகுவாகக் குறைந்தது. உங்கள் சொந்தப் பாட்டு உங்களுக்கு உதவுவதாகத் தோன்றுவதன் காரணம் இதில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். பொத்தான் உங்கள் கையில் இருக்கிறது. ஒலியை அடக்க முடியாத வீட்டில்கூட, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று முன்பே தெரிந்துகொள்வது பாதிச் சுமையைக் குறைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரிபவற்றைப் பற்றிய சான்றுகள் ஒலியைப் பற்றியவற்றைவிடக் குறைவு. ஆனால் ஒன்று உங்கள் சுவருக்கு நேராகப் பொருந்துகிறது. 2014இல் பிட்ஸ்பர்க்கிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 24 மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு, சில பாடங்களைப் படங்களும் அட்டவணைகளும் நிறைந்த அறையிலும் மற்றவற்றை வெற்றுச் சுவர் அறையிலும் நடத்தினார்கள். அலங்கரித்த அறையில் பாட நேரத்தில் 38.6 விழுக்காடு கவனம் சிதறியது, வெற்றறையில் 28.4. பாடத்துக்குப் பிந்தைய தேர்வில் முன்னதில் 42 விழுக்காடும் பின்னதில் 55 விழுக்காடும் சரியான விடைகள். குழந்தைகள் சிலரே, நாட்களும் சிலவே. வளர்ந்தவர்களுக்கு இதே அளவு பொருந்தும் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் திசை தெளிவு. நீங்கள் படிக்கும் பாடத்தோடு தொடர்பில்லாத அட்டவணை கண்ணெதிரே இருந்தால் அது அலங்காரம்தான், படிப்பாகாது. நான் பரிந்துரைப்பது, அட்டவணைகளை முதுகுப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டு, திருப்பிப் பார்க்கவேண்டிய நேரத்தில் எழுந்து போய்ப் பார்ப்பது. முகம் வெற்றுச் சுவரை நோக்கியிருக்கட்டும். வளவை நோக்கி அமர்ந்தால், யார் குறுக்கே நடந்தாலும் கண் ஓரத்தில் அசைவு படும், அசைவுக்குத் திரும்பாத கண் கிடையாது. அதே காரணத்தால், ஒலியை நிறுத்திய தொலைக்காட்சியும் முழுமையாக நின்றதாகாது. கடினமான ஒன்றை நினைவுகூரும்போது நாம் தாமாகவே கூரையைப் பார்ப்பதும் கண்ணை மூடுவதும் வெறும் பழக்கமில்லை. பார்வையை விலக்கும்போது விடைகள் சற்றுக் கூடுதலாகச் சரியாகின்றன என்பதை 1990களிலிருந்தே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வீட்டில் யாராவது விட்டத்தைப் பார்க்காதே, புத்தகத்தைப் பார் என்றால் பொருட்படுத்தவேண்டாம்.

உங்கள் வீட்டின் கட்டுமானத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடித் தரைக்கல், பளிங்கு, மெருகேற்றிய பர்மா தேக்குத் தூண் எல்லாமே ஒலியைத் திருப்பியடிக்கும் பரப்புகள். உறிஞ்சுவதற்கு அங்கே எதுவுமில்லை. ஓர் அறையில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பது அறையின் கொள்ளளவு கூடக் கூடும், உறிஞ்சும் பரப்பு கூடக் குறையும் என்று ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1890களில் ஓர் உரையரங்கில் இருக்கை மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்து அளந்து சொன்னார். திறந்த முற்றம் வழியே கொஞ்சம் வெளியேறினாலும், பட்டாலையில் எழும் பேச்சு தூண்களிலும் சுவர்களிலும் பட்டு இரண்டாங்கட்டு வரை வருவது இதனால்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு: எதிரொலி மிகுந்து சொற்கள் மங்கிப் போனால், கேட்க விரும்பாத பேச்சின் இடையூறு சற்றுக் குறையவும் செய்கிறது. பாடம் கேட்பவருக்கு எதிரொலி பகை, ஒட்டுக்கேட்க விரும்பாதவருக்கு ஓரளவு நட்பு. நடைமுறையில், பெரிய கூடத்தை விட்டுவிட்டுச் சிறிய அறைக்குப் போய், பழைய மெத்தை, ஜமக்காளம், தலையணை, துணி நிறைந்த திறந்த அலமாரி ஆகியவற்றை அங்கே சேருங்கள். இரட்டைக் கதவின் கனம் உதவும், ஆனால் அடியிலுள்ள இடைவெளி வழியே ஒலி நுழைந்துவிடும். பழைய துணியைச் சுருட்டி அங்கே வைப்பது, புதிதாக எதையும் வாங்குவதைவிடப் பயன் தரும்.

இனி நிச்சயமில்லாதவை, இவற்றைத்தான் இணையத்தில் அதிகம் உறுதியாகச் சொல்கிறார்கள். மொசார்ட் இசை அறிவைக் கூட்டும் என்ற பேச்சு 1993இல் 36 கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சோதனையிலிருந்து எழுந்தது. அந்தப் பயன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை, பிற்காலத்தில் அது உற்சாகமான மனநிலையின் விளைவு என்றே விளக்கப்பட்டது. தேநீர்க்கடை அளவு சத்தம் கற்பனைத் திறனைத் தூண்டும் என்று 2012இல் வந்த ஆய்வும், கைப்பேசி மேசைமேல் சும்மா இருந்தாலே மூளைத் திறன் குறையும் என்று 2017இல் வந்த ஆய்வும் பரபரப்பாகப் பேசப்பட்டன; இரண்டாவதைத் திரும்பச் செய்தவர்கள் எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. கைப்பேசியை வேறு அறையில் வைக்கச் சொல்வேன், ஆனால் அது சும்மா இருக்காது என்ற எளிய காரணத்துக்காக. கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகள் சிலருக்குச் சீரான இரைச்சல் உதவியதாகவும் மற்றவர்களுக்கு அதே இரைச்சல் கெடுத்ததாகவும் 2007இல் ஒரு ஆய்வு வந்தது. சுவையான முடிவு, ஆனால் அதை வைத்துத் தன்னைத்தானே நோயாளி என்று முடிவு கட்டுவது தவறு. இசை எப்போதும் கேடு என்றும் நான் சொல்லவில்லை. 1940இல் போர்க்காலப் பிரிட்டனில் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கென்றே வானொலியில் இசை ஒலிபரப்பத் தொடங்கினார்கள்; நம்மிடம் நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் அதற்கு எவ்வளவோ முன்பே இருந்தன. கை செய்யும், மனம் சலிக்கும் வேலைக்குப் பாட்டு துணைதான். குறிப்பேட்டைச் சுத்தமாகப் படியெடுப்பது, தாள்களை வரிசைப்படுத்திக் கட்டுவது போன்றவற்றைப் பாட்டு நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

பாட்டு இல்லாமல் வசனத்தை எப்படி மறைப்பது என்றால், மின்விசிறியை முதலில் நம்புங்கள். சீரான காற்றோசை பேச்சின் விளிம்புகளை மூடிவிடுகிறது. மழை, அருவி போன்ற தொடர் ஒலிப்பதிவும் அதே வேலையைச் செய்யும். இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோனை வாங்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை: அது தாழ்ந்த, சீரான ஒலிகளை நன்றாக நீக்கும், பேச்சை அவ்வளவாக நீக்காது, சில நேரம் விசிறிச் சத்தம் போய் அப்பத்தாவின் தொடர் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். அந்த விலைக்கு நுரையாலான காதடைப்பான்கள் பல பெட்டி கிடைக்கும். திருவிழா ஒலிபெருக்கியை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல்தான் காதுக்குப் பாதுகாப்பான எல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை, விழாக்களுக்காக ஆண்டில் அதிகபட்சம் 15 நாட்கள் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். ஆனால் மாசி பங்குனித் திருவிழாவில் ஊரோடு சண்டை பிடிப்பதைவிட, விழாக் குழுவினரிடம் ஒலிபெருக்கிக் குழாயின் முகத்தை வேறு பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டவர்கள் விரைவில் பயன் கண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் நாளைப் பிரித்துக்கொள்வது. விடியற்காலை, வீடு விழிக்கும் முன், சரத்துகள், ஆண்டுகள், மனக்கணக்கு. பகலில் வாசிப்பும் எழுத்தும், விசிறியோடும் காதடைப்பானோடும். தொடர் ஓடும் மாலை நேரத்தில் கைவேலை, அல்லது ஐயாவிடம் புத்தகத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வது. வாய்விட்டு விடை சொல்லும்போது வெளிச்சத்தம் அவ்வளவு நுழையாது, அவருக்கும் பெட்டியடியில் பையனைப் பழக்கிய நாட்கள் நினைவுக்கு வரும். வாரத்துக்கு ஒரு முறையாவது முழு மாதிரித் தேர்வை முழு அமைதியில் எழுதுங்கள். எந்தச் சூழலில் படித்தோமோ அதே சூழலில் நினைவுகூர்வது சற்று எளிது என்று 1998இல் வந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. தேர்வறையில் பாட்டு இருக்காது.

நான் சொன்னவற்றையும் அப்படியே ஏற்கவேண்டாம், ஏனென்றால் சராசரி என்பது நீங்கள் இல்லை. ஒரே கடினத்தன்மை உள்ள எட்டு மாதிரித் தாள்களை எடுத்து, சீட்டுக் குலுக்கி, நான்கைப் பாட்டோடும் நான்கை விசிறியோசையில் மட்டும் எழுதுங்கள். ஒரே மணி நேரத்தில், ஒரே இடத்தில். எழுதி முடித்ததும் எத்தனை மதிப்பெண் வரும் என்று நினைக்கிறீர்கள் என்பதை விடையைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தில் குறித்துவையுங்கள், பிறகு திருத்துங்கள். ஓரத்தில் எழுதிய எண்ணுக்கும் திருத்திய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு எந்த நான்கில் அதிகம் என்று பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது. பதினாறு எண்களையும் இங்கே எழுதுங்கள், அவற்றை வைத்து மேற்கொண்டு பேசலாம்.